ஒற்றை மணி அடித்தால் நிறுத்த வேண்டும்

மூன்று மாதமாக அவர் தன் வலது கன்னத்தைத் தானே அறைந்துகொண்டிருந்தார். வயது 34. மதுரை மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் மல்லிகை வாங்கிக் கட்டி விற்கும் ஓர் அம்மாவின் மூத்த பிள்ளை. ஏழெட்டுச் சொற்கள்தான் பேசுவார், அவையும் அம்மாவுக்கு மட்டும்தான் விளங்கும். "ராத்திரில தூங்க மாட்டேங்கிறான், சோத்துத் தட்டத் தள்ளி விட்டுடுறான், எந்நேரமும் அடிச்சுக்கிறான்" என்று அந்த அம்மா போய்ச் சொன்ன இடத்திலெல்லாம் மாத்திரையின் அளவைக் கூட்டிக் கொடுத்திருக்கிறார்கள். என்னிடம் அவரைப் பல்லுக்காக அழைத்து வரவில்லை. தங்கை மகளுக்குப் பால்பல் ஆடுகிறது என்று குடும்பமாக வந்திருந்தார்கள். வீட்டில் தனியாக விட முடியாதே என்று இவரையும் கூட்டி வந்திருந்தார்கள்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். அடி விழும் இடம் மாறவே இல்லை. உள்ளங்கையால் அல்ல, விரல் முட்டியால், தாடை எலும்பு வளைகிற அதே இடத்தில் திரும்பத் திரும்ப. கோபத்தில் தன்னை அடித்துக்கொள்கிறவர் இவ்வளவு குறி பார்த்து அடிப்பாரா?

அன்றைக்கு வாயைப் பார்க்க முடியவில்லை. இரண்டாம் முறையும் முடியவில்லை. மூன்றாம் முறை மதியம் இரண்டு மணிக்கு வரச் சொன்னேன். சாப்பிட்டுவிட்டு வந்த மனிதர், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, நன்றாக ஒரு கொட்டாவி விட்டார். அந்த மூன்று நொடியில் பார்த்துவிட்டேன். வலது கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று வேர் மட்டும் மிஞ்சி உடைந்து கிடந்தது. பக்கத்து ஈறில் சீழ்க்கொப்புளம். ஒரு மருத்துவமனையில் மயக்கம் கொடுத்து அதை எடுத்தோம். பத்தாவது நாள் அந்த அம்மா ஒரு முழம் மல்லிகையோடு வந்து, "நேத்து ரசஞ்சோறு ரெண்டு தட்டு சாப்பிட்டான்" என்றார். அறைவது நின்றுவிட்டதா என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் குழந்தைகள் பல் மருத்துவராக இருக்கிறேன். இந்தக் கட்டுரையில் வருகிறவர்களை அம்மாக்கள் பலவாறு சொல்வார்கள்: "பிள்ளை கொஞ்சம் ஸ்லோ", "இவனுக்கு வெவரம் பத்தாது", இப்போது "ஸ்பெஷல் சைல்டு". 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. அதில் அறிவுசார் குறைபாடு தனி, எழுத்தும் கணக்கும் மட்டும் பிடிபடாத கற்றல் குறைபாடு தனி. நான் சொல்வது முதலாவதை. பெயர் எதுவானாலும், இவர்கள் எதைச் செய்தாலும் "அவன் அப்படித்தான்" என்ற ஒரே பதில் தயாராக இருக்கிறது. சாப்பிட மறுத்தால் அவன் அப்படித்தான். கையைக் கடித்துக்கொண்டால் அவன் அப்படித்தான். வலி என்று ஒன்று இருக்கலாமே என்று பார்க்க அந்த வாக்கியம் யாரையும் விடுவதில்லை.

என் நோயாளிகளில் பாதிப் பேருக்கு மீசை இருக்கிறது. சிலருக்கு அது நரைத்தும் விட்டது. பிரிட்டனில் இவர்களுக்கென்று ஒரு தனிச் சிறப்புத் துறையை 2008-ல் அங்கீகரித்தார்கள். இங்கே வயது என்ன ஆனாலும் குழந்தைகள் பல் மருத்துவரிடம்தான் அனுப்புகிறார்கள். எங்கள் பாடத்திட்டத்தில்தான் இவர்களுக்கு ஓர் அத்தியாயம் இருக்கிறது. அதனால் நாற்பது வயதுக்காரர் முயல் படம் ஒட்டிய சுவருக்குக் கீழே உட்கார நேர்கிறது. ஒருவர் அந்த முயலைக் காட்டி "பாப்பாக்கு" என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்ட அன்று, ஓர் அறையின் சுவரைச் சுத்தமாக வெள்ளையடித்தேன்.

*

நான் படித்த கல்லூரியைப் பற்றிக் குறை சொல்ல வேண்டியிருக்கிறது, பெயர் வேண்டாம். அப்போது நான் முதுநிலை மாணவி. பதினோரு வயதுப் பையன், டவுன் சிண்ட்ரோம், ஆடிக்கொண்டிருந்த பல் ஒன்றை எடுக்க வேண்டும். வெளியே அறுபது பேர் வரிசையில் நிற்கிறார்கள். ஐந்து பேர் அவனைப் பிடித்தோம். காலுக்கு இருவர், கைக்கு ஒருவர், தலைக்கு ஒருவர். வாய்க்குள் ரப்பர் கட்டையை வைத்தது நான். இரண்டே நிமிடம், பல் வந்துவிட்டது. "நீட்டா முடிச்சிட்டீங்க" என்று பாராட்டும் கிடைத்தது. கத்துகிற பிள்ளையின் வாயைக் கையால் பொத்தி அடக்குவதுகூட அன்று ஒரு முறையாகவே பாடப் புத்தகத்தில் இருந்தது. அமெரிக்கக் குழந்தைகள் பல் மருத்துவக் கழகம் 2006-ல்தான் அதைத் தன் வழிகாட்டுதலிலிருந்து நீக்கியது.

எட்டு ஆண்டு கழித்து அதே பையனை, இப்போது பத்தொன்பது வயது, அவன் அப்பா என் கிளினிக்குக் கூட்டி வந்தார். என்னை அவனுக்கு நினைவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் வெள்ளைக் கோட்டைப் பார்த்ததும் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான். இடையில் அந்த எட்டு ஆண்டும் பல் துலக்கவே வாயைத் திறந்ததில்லையாம். ஈறெல்லாம் வீங்கி, முன்பற்கள் நான்கும் ஆட்டம் கண்டிருந்தன. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்குச் சொத்தை குறைவாகவே வரும், ஈறு நோய்தான் பல்லைக் கொண்டுபோகும். அதைத் தடுக்க இருந்த ஒரே வழியான பிரஷ்ஷை நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து இரண்டு நிமிடத்தில் அடைத்துவிட்டிருந்தோம். வெள்ளைக் கோட்டை அன்றோடு விட்டேன். இப்போது சாதாரணச் சேலைதான். மேலே ஒரு ஏப்ரன், அதையும் அவர்கள் பார்க்கும்போதுதான் கட்டிக்கொள்வேன்.

அந்தப் பையன் பொத்திக்கொண்ட கைகளைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன். அவனை இன்னொருவர் குளிப்பாட்டுகிறார், இன்னொருவர் உடை மாட்டுகிறார், எப்போது தூங்க வேண்டும், எந்த வேளைக்கு எதைச் சாப்பிட வேண்டும் என்று இன்னொருவர் சொல்கிறார். உடம்பில் அவனே திறந்து மூடுகிற கதவு அந்த வாய் ஒன்றுதான். அவன் பேச்சில் "மாட்டேன்" என்ற சொல் இல்லை. அந்த உதடுதான் அவனுக்கு மாட்டேன்.

*

இந்தத் தொழிலில் முதலில் கற்றுத்தருவது "சொல், காட்டு, செய்". ஆடல்ஸ்டன் என்பவர் 1959-ல் எழுதியது. கருவி இன்னது என்று சொல், கையில் தொட்டுக் காட்டு, பிறகு வாயில் செய். நல்ல முறைதான். ஆனால் என்னிடம் வருகிறவர்களில் பலருக்குச் "சொல்" என்ற முதல் படியே எட்டாது. 2005-ல் முட்டுக்காட்டில் தொடங்கிய, பல்வகைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனத்தில் ஒரு பயிற்சிக்குப் போயிருந்தேன். அங்கே ஒரு சிறப்பு ஆசிரியை சொன்னார்: "மேடம், நீங்க ஒரே மூச்சுல மூணு விஷயம் சொல்றீங்க. அவங்க முதல் விஷயத்துலயே நிக்கிறாங்க." ஊருக்குத் திரும்பியதும் படங்கள் எடுத்தேன். என் கிளினிக் வாசல், செருப்பு விடும் இடம், நாற்காலி, விளக்கு, கண்ணாடி, வாய் கொப்பளிக்கும் தொட்டி, திரும்ப வாசல். ஏழு படம். முதல் நாளைக்கு ஒரு வாரம் முன்பே வீட்டுக்குக் கொடுத்தனுப்பிவிடுவேன். ஏழாவது படம் ரொம்ப முக்கியம். வீட்டுக்குத் திரும்பிப் போய்விடலாம் என்பதை முதலிலேயே காட்டிவிட வேண்டும்.

சத்தமும் வாசனையும் அடுத்த தலைவலி. பல்லைக் குடையும் ஏர்ரோட்டர் போடுகிற கிறீச்சொலி நமக்கே பல்லைக் கூச வைக்கும். ஆட்டிசம் உள்ள சிலருக்கு அது காதுக்குள் ஊசி. அதனால் சிறிய சொத்தையை எக்ஸ்கவேட்டர் கரண்டியால் கையாலேயே சுரண்டி, கிளாஸ் அயனோமர் வைத்து அடைத்துவிடுவேன். மின்சாரமே இல்லாத ஊர்களுக்காக 1980-களில் டான்சானியாவில் உருவான முறை இது, சத்தத்துக்குப் பயப்படுகிறவர்களுக்கும் பொருந்திப் போயிற்று. சுரண்டவும் விடமாட்டார் என்றால் 38 சதவீத சில்வர் டயமைன் ஃபுளோரைடு ஒரு சொட்டு. சொத்தை பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும், ஆனால் அந்த இடம் கன்னங்கரேலென்று ஆகிவிடும். முன்பல்லில் போடுமுன் அம்மாவிடம் மட்டும் கேட்டால் போதாது. பல்லுக்குச் சொந்தக்காரரிடமும் கறுத்த பல்லின் படத்தைக் காட்டிக் கேட்க வேண்டும். ஒரு பெண் படத்தைப் பார்த்துவிட்டு "அசிங்கம்" என்றாள். சரி என்று விட்டுவிட்டோம். அழகு பார்க்க அவளுக்கு உரிமை இல்லையா என்ன?

*

திருப்பரங்குன்றத்திலிருந்து ஒரு தம்பி வருவார். இப்போது 26 வயது. மதுரையில் ஓடுகிற எல்லா டவுன் பஸ்ஸின் எண்ணும் வழியும் அவருக்கு மனப்பாடம். பெரியார் நிலையத்திலிருந்து எங்கே போக வேண்டும் என்று கேட்டால் கண்டக்டரைவிட வேகமாகச் சொல்வார். என் நாற்காலியை முதலில் பார்த்தவுடன், "இது எந்த டிப்போ?" என்றார். பிடித்துக்கொண்டேன். நாற்காலி பஸ் ஆனது, நான் டிரைவர், அவர் கண்டக்டர். இரண்டு விசில் கொடுத்தால் வண்டியை எடுக்க வேண்டும், ஒரு விசில் கொடுத்தால் நிறுத்த வேண்டும். கடையில் பிளாஸ்டிக் விசில் வாங்கிக் கொடுத்து என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். அவரும் கம்பீரமாக இரண்டு விசில் அடித்தார். நாற்காலியைச் சாய்த்தேன். வாயைத் திறக்கச் சொன்னபோதுதான் என் உதவியாளர் அக்கா சிரிக்க ஆரம்பித்தார். "ஏம்மா, வாயில விசில வச்சுக்கிட்டு அவரு எப்பிடிப் பல்லக் காட்டுவாரு?"

அக்காவே வீட்டுப் பூஜை மணியைக் கொண்டுவந்து, பழைய பஸ்களில் இருந்ததுபோல ஒரு கயிற்றில் கட்டி, நாற்காலியின் கையோடு தொங்கவிட்டார். முதல் நாள் ஸ்கேலிங், பல்லில் படிந்த காரையைச் சுரண்டுவது. 23 தடவை ஒற்றை மணி அடித்தார். அக்கா எண்ணிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தடவையும் கருவியை வெளியே எடுத்து, காலை மிதியிலிருந்து தூக்கி, இரண்டு மணிக்காகக் காத்திருந்தேன். அவற்றில் ஒன்றிரண்டுகூட வலிக்காக இருக்காது. வண்டிக்குப் பிரேக் பிடிக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாம் நாள் 11 தடவை. நான்காம் முறை வந்தபோது மூன்றே தடவை.

ஐந்தாம் முறைதான் நான் தப்புச் செய்தேன். கீழ் முன்பற்களின் உள்பக்கம் காரை ஒரு சிறு துணுக்கு மிச்சம் இருந்தது. ஒற்றை மணி அடித்தது. இரண்டு நொடியில் முடிந்துவிடும் என்று நினைத்து அந்த இரண்டு நொடியை எடுத்துக்கொண்டேன். அவர் என் கையை மெதுவாக விலக்கினார், எழுந்தார், செருப்பைப் போட்டார். "வண்டி ரிப்பேர்" என்று சொல்லிவிட்டு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். கோபமெல்லாம் இல்லை, பிரேக் பிடிக்காத வண்டியில் யார் ஏறுவார்கள்? அவர் திரும்பி வர ஆறு மாதம் ஆயிற்று. வந்த அன்று பல்லைக் காட்டவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து மணியை மட்டும் அடித்துக்கொண்டிருந்தார். நான் சும்மா பெடலை மிதிப்பதும் நிறுத்துவதுமாகக் கால்மணி நேரம் ஓட்டினேன். அந்தக் கால்மணிக்கு யாரிடமும் காசு வாங்க முடியாது. இந்த வேலையில் பாதி நேரம் அப்படித்தான் போகும், கணக்குப் பார்க்கிறவர்கள் இதற்குள் வராமல் இருப்பது நல்லது.

*

எல்லாவற்றையும் பொறுமையால் சாதித்துவிடலாம் என்று பேசுகிறவர்களை நான் நம்புவதில்லை. பூக்கார அம்மாவின் மகனுக்குச் சீழ் பிடித்திருந்தது. அவருக்குப் படம் காட்டிப் பழக்க ஆறு மாதம் எடுத்துக்கொள்வது கொடுமை. அங்கே முழு மயக்கம்தான். மயக்கத்துக்கு முன் ஆறு மணி நேரம் சாப்பாடு கூடாது, இரண்டு மணி நேரம் தண்ணீரும் கூடாது. "ஏன் சோறு இல்லை" என்பது விளங்காதவர் பட்டினியோடு காத்திருப்பது பெரிய பாடு. ஆகவே பட்டியலில் முதல் ஆளாக அவரைப் போடுங்கள் என்று அறுவைக்கூடத்தில் மன்றாடுவேன். ஒரே மயக்கத்தில் எல்லாப் பல்லையும் பார்த்து முடித்துவிட வேண்டும். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு இதயக் குறைபாடு இருக்கும் என்பதால் இதய மருத்துவரின் கடிதம் இல்லாமல் தொடுவதில்லை. அவர்களுக்குக் கழுத்து எலும்பு மூட்டு தளர்ந்திருக்கலாம், தலையை ரொம்பப் பின்னால் சாய்க்கக் கூடாது. வலிப்புக்கு வால்ப்ரோயேட் சாப்பிடுகிறவர் என்றால் தட்டணு எண்ணிக்கையைப் பார்த்துவிட்டே பல் எடுப்பேன். பதினெட்டு தாண்டியவருக்குச் சம்மதப் படிவத்தில் யார் கையெழுத்திடுவது என்ற சிக்கலும் வரும். ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்குச் சட்டப்படி பாதுகாவலரை நியமிக்க 1999-ன் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் வழி இருக்கிறது. ஆட்சியர் தலைமையில் மாவட்டக் குழு உண்டு. பெற்றோர் பலரும் இதை என் கிளினிக்கில்தான் முதன்முதலாகக் கேள்விப்படுகிறார்கள்.

என் இன்னொரு தவறையும் சொல்லிவிடுகிறேன். ஒன்பது வயதுப் பையனுக்கு மரத்துப்போகும் ஊசி போட்டு அழகாக வேலை முடித்து அனுப்பினேன். சாயங்காலம் அவன் அம்மா உதட்டில் துணியை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். மரத்த உதடு தன்னுடையது என்றே அவனுக்குத் தெரியவில்லை, மிட்டாய் போல மென்றிருக்கிறான். கீழுதடு பிய்ந்து தொங்கியது. "சாப்பிடக் கொடுக்காதீங்க" என்று சொல்லியிருந்தேனே தவிர, இரண்டு மூன்று மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்து உதட்டைப் பார்த்துக்கொண்டிருங்கள் என்று சொல்லவில்லை. இப்போது அந்த நேரம் முழுவதும் எங்கள் முன்னறையிலேயே இருக்க வைத்துக்கொள்கிறோம்.

கிளினிக்கில் நடப்பது எல்லாம் சேர்ந்தாலும் வீட்டில் தினமும் காலையில் நடக்கிற இரண்டு நிமிடத்துக்கு ஈடாகாது. எதிரில் நின்று பிரஷ்ஷை நீட்டினால் அது சண்டை. பிள்ளைக்குப் பின்னால் நில்லுங்கள், தலை உங்கள் நெஞ்சில் சாயட்டும், இருவரும் கண்ணாடியைப் பாருங்கள். ஒரு பிரஷ்ஷை அவன் கடித்துக்கொள்ளட்டும், இன்னொன்றால் நீங்கள் தேயுங்கள். துப்பத் தெரியாதவருக்கு நுரை பொங்கப் பொங்கப் பேஸ்ட் வேண்டாம், பிரஷ்ஷில் ஒரு பூச்சு போதும். கை இறுகப் பிடிக்காதவருக்குச் சைக்கிள் கைப்பிடி ரப்பரைக் காம்பில் செருகிக் கொடுங்கள். ஒரு அப்பா டி.வி.எஸ். ஐம்பதின் கைப்பிடியையே கழற்றி மாட்டிக் கொண்டுவந்தார், பிரஷ்ஷைவிட அது கனம். வலிப்புக்கு ஃபெனிடாயின் சாப்பிடுகிறவர்களுக்கு ஈறு தடித்துப் பல்லை மூடும். 1939-லேயே எழுதி வைத்திருக்கிறார்கள். பல்லைச் சுத்தமாக வைத்தால் அந்த வளர்ச்சி மட்டுப்படும், ஆனால் மாத்திரையைப் பெற்றோர் தாங்களாக நிறுத்திவிடக் கூடாது. இதை நான் மூன்று முறையாவது சொல்வேன். ஈறுக்குப் பயந்து மாத்திரையை விட்டு, வலிப்பு வந்து விழுந்து, முன்பல்லை உடைத்துக்கொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு சிறப்புப் பள்ளியில் பிள்ளைகள் எது செய்தாலும் பரிசு ஒரு சாக்லேட். உட்கார்ந்தால் சாக்லேட், எழுந்தால் சாக்லேட். ஒரு நாளைக்கு இருபது முறை சர்க்கரை. ஆசிரியைகளிடம் பேசினேன். நட்சத்திர ஸ்டிக்கர் ஒட்டினார்கள். ஆறு வாரம் கழித்துப் போனபோது ஒரு பிள்ளை நெற்றி முழுக்க நட்சத்திரத்தோடு இருந்தது. பரவாயில்லை, நெற்றியில் சொத்தை வராது.

பிரஷ்ஷைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போதே பல அம்மாக்கள் ஒரு கேள்வியில் வந்து நிற்பார்கள். அறுபது தாண்டியவர்கள் எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். "எனக்கப்புறம் இவனுக்கு யாரு பல்லு தேச்சு விடுவா?" சொத்து, ஓய்வூதியம், பாதுகாவலர் என்று பெரிய பெரிய கவலைகள் இருக்க, இது ஏன் முதலில் வருகிறது? மற்றதையெல்லாம் யாராவது செய்துவிடுவார்கள் என்று தோன்றும்போலும். இன்னொருவர் வாய்க்குள் கைவிட யாருக்கு மனம் வரும்? எனக்குப் பதில் தெரியாது. அதனால் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். இரண்டாம் முறை வரும்போது அம்மாவோடு இன்னொருவரும் வர வேண்டும். தம்பியோ, மதினியோ, விடுதிப் பணியாளரோ. அவர் கையில் பிரஷ்ஷைக் கொடுத்து, அம்மா கையைக் கட்டிக்கொண்டு பார்க்க வேண்டும். அம்மாக்களுக்குத்தான் அது கடினம். "அப்பிடி இல்ல, இப்பிடி" என்று கை நீட்டிக்கொண்டே இருப்பார்கள்.

*

இப்போது வந்துகொண்டிருக்கும் ஒரு பெண்ணுக்கு 27 வயது. டவுன் சிண்ட்ரோம். பூப்போட்ட சுடிதார், நெற்றியில் பெரிய பொட்டு, கையில் எப்போதும் ஒரு கைப்பை. போன வாரத்துக்கு முன் ஏழு முறை வந்திருந்தாள், வாயைத் திறந்ததில்லை. மூன்றாம் முறை வரை வாசலோடு சரி. நான்காம் முறை அக்காவோடு டீ குடித்தாள். ஆறாம் முறை நாற்காலியில் ஏறி, இறங்கி, மறுபடி ஏறினாள். அவள் அண்ணன் பொறுமைசாலி, ஆனால் அவருக்கும் வேலை இருக்கிறது. "டாக்டர், இன்னைக்காவது?" என்று கண்ணாலேயே கேட்பார்.

போன செவ்வாய்க்கிழமை எட்டாம் முறை. மேசையிலிருந்த வாய்க்கண்ணாடியை அவளே எடுத்தாள். தன் முகத்தைப் பார்த்தாள், பொட்டைச் சரிசெய்தாள். பிறகு அதை என் பக்கம் நீட்டி, "ஆ" என்றாள்.

நான் முகக்கவசத்தை இறக்கி வாயைத் திறந்தேன். அவள் என்னை நாற்காலியில் உட்காரச் சொல்லவில்லை, நின்றபடியே குனிய வைத்தாள். கண்ணாடியை உள்ளே விட்டு இடம், வலம், மேல், கீழ் என்று எல்லாம் பார்த்தாள். என் கடைவாய்ப் பல்லில் கல்லூரி நாளில் வைத்த வெள்ளி அடைப்பு ஒன்று உண்டு. அங்கே வந்ததும் நிறுத்தி, அண்ணனைத் திரும்பிப் பார்த்து, "கருப்பு" என்றாள். கண்ணாடியை அக்காவிடம் கொடுத்தாள், கழுவச் சொல்லி.

அடுத்த செவ்வாய் காலை 11 மணி என்று சீட்டில் எழுதிக் கொடுத்தேன். அதைக் கைப்பையில் போட்டுப் பூட்டிக்கொண்டாள்.